வலது கை லாட்

ராஜபாளையம்
4.9.2024

அக்காவுக்கு,

நீ என்னோடு பேச மாட்டாய் என்பது ஊருக்கே தெரியும். ஆவணி முதல் வெள்ளியன்று உன் தையல் ஷெட்டில், அத்தனை பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்க்க, சூடத்தைக் கொளுத்தி அதன்மேல் அடித்து, "இனி இவன்கிட்ட ஒரு வார்த்த பேசுனா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று சத்தியம் செய்தாய். அதோடு விட்டாயா? போனிலும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். எழுத மாட்டேன் என்று மட்டும் நீ சொல்லவில்லை. நான் இங்கே வெட்டுகிற தோலை ஏற்றிக்கொண்டு பொன்னுராஜின் வேன் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறது, நீ தைத்த கையுறைகளோடு திரும்புகிறது. இந்தக் கடிதமும் அதில் வரட்டும். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊருக்குக் கடிதம் எழுதுகிற கூத்து நம் குடும்பத்தில்தான் நடக்கும்.

சண்டை எதனால் வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நிதானமாக எழுதுகிறேன், நிதானமாகப் படி. பதினான்கு வருஷமாக ஒசாகா கம்பெனிக்குக் கோல்ஃப் கையுறை தைத்துக் கொடுக்கிறோம். தோல் நம்முடையது, வேலை நம்முடையது, முத்திரை மட்டும் அவனுடையது. அங்கே கோல்ஃப் ஆடுகிறவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள் என்று சொல்லி, வருகிற பங்குனியோடு கையுறைப் பிரிவையே மூடுகிறான். அவன் சரக்கைக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த மொரிதா என்பவர், "உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள், அதே கடைகளில் நான் வைக்கிறேன்" என்கிறார். 'சஞ்சீவி' என்று பெயரும் பதிவு செய்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கான தோல் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு ஷெட்டை பேங்கில் அடமானம் வைக்க வேண்டும். ஷெட் நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது.

உன் கையெழுத்து வேண்டும். காகிதம் இதோடு இருக்கிறது. ஐப்பசியில் மொரிதா நேரில் வருகிறார், அதற்குள் அனுப்பு.

விக்னேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.9.2024

தம்பி விக்னேஸ்வரனுக்கு,

காகிதம் கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை, பீரோவில் வைத்திருக்கிறேன்.

நிதானமாகப் படி என்கிறாய். படித்தேன். உன் அத்தானுக்கும் படித்துக் காட்டினேன். அவர் ஊட்டிப் பக்கம் வெலிங்டனில் ராணுவ கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர். யாரோ ஒரு கர்னல் கழற்றிப் போட்ட கிழிந்த கையுறையை அவர் பெட்டியில் கொண்டுவந்ததும், தளவாய்புரத்தில் நைட்டி வெட்டிக்கொண்டிருந்த நீ அதைப் பிரித்துப் போட்டு "இத நாமளே தைக்கலாம்க்கா" என்று குதித்ததும் நேற்று மாதிரி இருக்கிறது. அவர் உன் கடிதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "ஒருத்தன் யாவாரம் இல்லன்னு கடைய மூடுதான். ஒந்தம்பி அதே எடத்துல கடைய தொறக்கேங்கான்."

எனக்கு ஒசாகாவும் தெரியாது, புள்ளிவிவரமும் தெரியாது. சைஸ் தெரியும். ஆரம்பத்தில் இருபத்தைந்தும் இருபத்தாறும் சைஸ் தைத்து மாளாது. இப்போது ஆர்டரில் பெரிய சைஸே இல்லை. எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. மணிக்கட்டில் ஒட்டுகிற பட்டையை அகலமாக வைக்கச் சொல்கிறான், விரல் நடுங்குகிறவர்கள் பிடித்து ஒட்டுவதற்காம். சூம்பின கைகளுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறோம் விக்கி. புதுக் கை ஒன்றுகூட வரவில்லை. அவர்களும் போய்விட்டால் உன் சஞ்சீவியை யார் கையில் மாட்டுவாய்?

பெயர் சோறு போடாது. ஷெட் போடுகிறது. முனீஸ்வரி வீட்டுக்காரர் படுத்த படுக்கை. செல்லத்தாயின் மகள் நர்சிங் படிக்கிறாள். பேங்க்காரன் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினால் இவர்களெல்லாம் யாரிடம் போய் நிற்பார்கள்? உன் மொரிதாவிடமா?

இடது கைக்கு மட்டும் ஒற்றை உறை தைக்கச் சொன்ன முதல் நாள், "இன்னொரு கைக்காரன் எங்க போனான்?" என்று கேட்டு இந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கும். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கிறார்கள். அந்தக் கைகளை வைத்து நீ சூதாட வேண்டாம்.

செல்வலட்சுமி


ராஜபாளையம்
18.9.2024

அக்கா,

சூதாட்டம் என்று எழுதிவிட்டாய். சந்தோஷம்.

நீ சைஸைப் பார்த்துப் பயப்படுகிறாய், நான் அதே சைஸைப் பார்த்துத்தான் துணிந்தேன். பெரிய கம்பெனிகள் எல்லாம் இளவட்டங்களின் பின்னால் ஓடுகின்றன. இளவட்டங்கள் கோல்ஃபே ஆடுவதில்லை. ஆடுகிற கிழவர்களை எவனும் சீண்டுவதில்லை. அவர்களுக்கு மெத்தென்ற தோலும் அகலப் பட்டையும் சின்ன சைஸும் வேண்டும். பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத சின்ன ஆர்டர் நமக்கு வாழ்வு. இது உனக்கு ஏன் உறைக்கவில்லை?

இன்னொன்றும் சொல்கிறேன். பதினான்கு வருஷம் தைத்தோம். உலகத்தில் எத்தனையோ கைகளில் நம் தையல் இருந்தது. ஒரு கையுறையிலாவது நம் பெயர் இருந்ததா? எனக்கு அது வலிக்கிறது. உனக்கு வலிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

கையெழுத்தைப் பொறவு பார்ப்போம். மொரிதாவுக்குக் காட்ட ஒரு லாட் சரக்கு மட்டும் தைத்துக் கொடு. அதைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று நீயே கேள். சண்டைக்கு முன்னால் சஞ்சீவிக்கு என்று நீ தைத்து வைத்த மாதிரியைப் பொன்னுராஜிடம் கொடுத்துவிடு. அதை வைத்து இங்கே பையன்கள் அச்சு செய்து தோலை வெட்டி அனுப்புவார்கள். நான் தோல் பார்க்க ஆம்பூர் போகிறேன், வர நாளாகும்.

விக்னேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.10.2024

விக்னேஸ்வரனுக்கு,

மாதிரியை அந்த வாரமே முனீஸ்வரி கொடுத்தனுப்பினாள். அன்று புரட்டாசிச் சனிக்கிழமை, நான் இங்கே பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயிலுக்குப் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தேன். கூட்டத்தில் மாட்டி வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது.

லாட் முடிந்தது. பெட்டி கட்டி வேனில் ஏற்றியாயிற்று. தையலில் குறை சொல்ல முடியாது. நீ வெட்டி அனுப்பியதைத்தான் தைத்திருக்கிறேன்.

செல்வலட்சுமி


ராஜபாளையம்
29.10.2024

அக்கா அவர்களுக்கு,

மொரிதா வந்தார், போய்விட்டார்.

ஆபீசில் பேங்க் மேனேஜர் இருந்தார், ஆடிட்டர் இருந்தார். மாலை போட்டு, பால்கோவா கொடுத்து, பெட்டியை அவர் கையாலேயே திறக்கச் சொன்னேன். ஒரு கையுறையை எடுத்தார். தோலைத் தடவினார், முகம் மலர்ந்தது. இடது கையை நீட்டி மாட்டப் பார்த்தார். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் இருந்தது. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். பெட்டி முழுக்க வலது கை! கோல்ஃபில் வலது கைக்காரன் இடது கைக்குத்தான் உறை போடுவான் என்று தெரியாதவனா நான்? அவர் சிரிக்கவில்லை. "உங்கள் ஊரில் எல்லோரும் இடது கைக்காரர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையில் நான் செத்தே போனேன். "பதினான்கு வருஷம் தைத்தவர்கள் ஒரு லாட் முழுக்க இதைக் கவனிக்கவில்லை என்றால், உங்கள் பெயரை நம்பி நான் எப்படிக் கடையில் வைப்பது?" என்றார். இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு காரில் ஏறிவிட்டார். பேங்க் மேனேஜர் பால்கோவாவைக்கூடத் தொடவில்லை.

எப்படி நடந்தது என்று விசாரித்துவிட்டேன். புது டிசைன் போடும்போதெல்லாம் முதல் உருப்படியை வலது கைக்குத் தைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பீர்கள். "சாமிக்கு எடது கையையா நீட்டுறது?" என்பீர்கள். முனீஸ்வரி அந்தச் சாமி உருப்படியை எடுத்து மாதிரி என்று கொடுத்திருக்கிறாள். பையன்கள் அதையே அச்சாகச் செய்து வெட்டிவிட்டார்கள். பார்க்காமல் விட்டது என் தப்பு. ஊரில் இல்லாமல் போனது என் தப்பு. அதற்காக அவர்களையும் திட்டவில்லை.

ஆனால் தோல் வந்து இறங்கியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டே எந்தக் கை என்று சொல்லக்கூடியவர் நீங்கள். நேற்று பொன்னுராஜ் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தீர்கள். மூச்சு விடுவது கேட்டது. "தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு" என்று கத்தினேன். வைத்துவிட்டீர்கள்.

இப்போது எழுத்தில் கேட்கிறேன். தெரிந்தா தைத்தீர்கள்?

விக்னேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.11.2024

தம்பி,

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை.

தெரிந்துதான் தைத்தேன்.

முதல் கட்டைப் பிரித்ததுமே முனீஸ்வரி ஓடிவந்தாள். "மதினி, கை மாறிக் கெடக்கு. அண்ணாச்சிக்கு ஒரு வார்த்த சொல்லிருவமா?" என்றாள். "அவன் வெட்டுனத தையி" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய் மற்றவர்களுக்கும் கட்டைப் பிரித்துக் கொடுத்தாள்.

சத்தியத்தின் மேல் பழியைப் போட மாட்டேன். நீ எழுதுகிறாய், நானும் எழுதுகிறேன். ஒரு துண்டுச் சீட்டு போதும். எழுதவில்லை. லாட் கெட்டால் மொரிதா போய்விடுவார், அவர் போனால் நீ அடமானப் பேச்சை விடுவாய், ஷெட் பிழைக்கும் என்று நினைத்தேன். வேறு எப்படி உன்னை நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ ஒன்றை நினைத்தால் யார் சொல்லிக் கேட்டிருக்கிறாய்?

ஆனால் அத்தனை பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் வருவதற்கு முன்னால் நீ பெட்டியைப் பிரித்துப் பார்ப்பாய் என்றுதான் இருந்தேன். நீயோ நான் தைத்தது என்று நம்பி அப்படியே வைத்துவிட்டாய். அதுதான் விக்கி தாங்க முடியவில்லை.

சரக்கைத் திருப்பி அனுப்பு. இங்கே கிடக்கட்டும்.

அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.1.2025

விக்கி,

என் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. பொங்கல் சீர் கொடுத்தனுப்பினாய், நீ வரவில்லை. ஒசாகாவின் வேலையை மட்டும் ஒரு சொல் இல்லாமல் வெட்டி வெட்டி அனுப்புகிறாய். அதுவும் பங்குனியோடு தீர்கிறது. இப்போதே வாரத்தில் நாலு நாள்தான் மெஷின் ஓடுகிறது.

ஒரு சங்கதி. என் மகளோடு கோயம்புத்தூரில் படித்த ஜாஸ்மின் என்ற பெண் கார்த்திகையில் வந்திருந்தாள். அங்கே விளையாட்டுச் சாமான் கடை நடத்துகிறாள். நீ திருப்பி அனுப்பி மூலையில் கிடந்த வலது கைப் பெட்டிகளைப் பார்த்து ஒன்றை எடுத்து மாட்டினாள். "ஆன்ட்டி, இது பிக்கிள்பாலுக்கு அப்படியே செட் ஆகுது" என்றாள். டென்னிஸ் மாதிரி ஒரு ஆட்டமாம், சின்ன மைதானம், கட்டை மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. கோல்ஃப் ஆட ஒரு ஊரையே வளைத்துப் போட வேண்டும், இதற்கு மொட்டை மாடி போதுமாம். இப்போது கோயம்புத்தூரில் சந்துக்குச் சந்து ஆடுகிறார்களாம். மட்டை பிடிக்கிற கைக்குத்தான் உறை போடுகிறார்கள். வலது கை.

ஒரு பெட்டி கொண்டுபோனாள். தீர்ந்துவிட்டது. மிச்சத்தையும் கேட்டாள். அதுவும் தீர்ந்தது. ஆடுகிற பிள்ளைகள், "சஞ்சீவி இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்களாம். பெங்களூர்க் கடைகளுக்கும் சேர்த்து ஆர்டர் தருகிறேன் என்கிறாள். அதே பெயர் இருக்க வேண்டும், பெயருக்கு உரியவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்கிறாள்.

பெயர் உன்னுடையது. காகிதம் இதோடு இருக்கிறது.

அக்கா


ராஜபாளையம்
27.1.2025

அக்கா அவர்களுக்கு,

காகிதம் கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

நீங்கள் முன்பு எனக்கு எழுதியதைத்தான் திருப்பி எழுதியிருக்கிறேன். எப்படி இருக்கிறது?

பெயர் சோறு போடாது என்றீர்கள். வேறு ஏதாவது பெயரை ஒட்டித் தைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை நான் எதற்கு வைத்தேனோ அது உங்கள் கையால் முடிந்துவிட்டது. நான் அவமானப்பட்ட சரக்கு அது. அது விற்கிறது என்று கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தீர்களா? எனக்கு வயிறு எரிந்தது. இதுதான் உண்மை.

விக்னேஸ்வரன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.1.2025

ஏலே விக்கி,

போதும் உன் அவர்களும் நீங்களும். நான் உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள்.

பெயர் சோறு போடாது என்று எழுதினேன். இப்போது அந்தப் பெயர்தான் சோறு போடும் போலிருக்கிறது. நான் சொன்னது தப்பு. ஷெட்டில் எல்லோரும் கேட்க வேண்டுமானாலும் சொல்கிறேன். வேறு பெயரைப் போட்டால் என்ன என்று ஜாஸ்மினிடம் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள். யாரும் எடுக்க மாட்டார்களாம்.

என் மேல் எம்புட்டுக் கோபம் இருந்தாலும் என்னோடு வைத்துக்கொள். காறித் துப்பு, வாங்கிக்கொள்கிறேன். முனீஸ்வரி என்ன செய்தாள்? நேற்று வேலை இல்லாத நாள். ஆனாலும் வந்து மெஷினைத் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். "வீட்ல இருந்தா அவிய கேக்காவ மதினி, வேல நின்னுபோச்சான்னு. அதான் வாரேன்" என்றாள்.

இந்த ஷெட்டுக்காகத்தான் நான் உனக்கு அந்தத் துரோகத்தைச் செய்தேன். அதுவும் மூடிப்போனால் நான் செய்தது எல்லாம் வெறும் துரோகமாகவே நின்றுவிடும். கையெழுத்துப் போடு. காலில் விழச் சொன்னால் அதற்கும் வாரேன்.

அக்கா


ராஜபாளையம்
10.2.2025

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ கேட்டது உரிமைக் கடிதம். நான் பெயரையே உனக்கு மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இனி யாரிடமும் நீ கேட்டு நிற்க வேண்டாம். ஷெட்டில் என் பாகத்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறேன். வக்கீல் பார்த்துச் சரி என்றார்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர் வேலை கிடைத்திருக்கிறது. மாசி முதல் வாரத்தில் குடும்பத்தோடு போகிறேன். இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது? ஒசாகாவின் கடைசி ஆர்டரை வெட்டி முடித்துவிட்டேன். கட்டிங் மேசையையும் அச்சுகளையும் இரண்டு நாளில் பொன்னுராஜ் கொண்டுவந்து இறக்குவான். நல்ல கட்டிங் மாஸ்டராகப் பார்த்து வை. மலிவாகக் கிடைக்கிறான் என்று எவனையாவது வைத்துவிடாதே, தோலில் இழுப்பு எந்தப் பக்கம் என்று தெரியாதவன் கைபட்டால் ஒரு மாதத்தில் உறையின் விரல் தளர்ந்துபோகும்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. இருக்கிறது. நீ சொன்ன கணக்கு சரியாகவே இருக்கலாம். கோல்ஃபை நம்பி ஷெட்டை அடமானம் வைத்திருந்தால் இந்நேரம் பேங்க்காரன் உள்ளே வந்திருப்பான், அதுவும் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் தோற்பதாக இருந்தால் நானே தோற்றிருப்பேன் அக்கா. நீ என்னைத் தோற்கடித்திருக்க வேண்டாம்.

அத்தானிடம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

விக்கி


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.2.2025

விக்கி,

மேசை வந்தது. வேனிலிருந்து இறக்க விடவில்லை. அச்சுப் பெட்டிகளையும் தொட விடவில்லை. அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன், பொன்னுராஜைத் திட்டாதே. "ரெண்டு பேருக்கும் நடுவுல என் டீசலுதான் தீயுது" என்று புலம்பிக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

ஜாஸ்மினின் ஆர்டர் வந்துவிட்டது. பெரிய ஆர்டர். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த தோலும் வந்து இறங்கியிருக்கிறது. வெட்ட ஆள் இல்லை. தளவாய்புரத்திலிருந்து ஒருவர், சேத்தூரிலிருந்து ஒருவர், வேலை கேட்டு வந்தார்கள். இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டேன். உன் அத்தான் என்னைப் பைத்தியக்காரி என்கிறார்.

இன்று காலை பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மெஷினுக்கு எண்ணெய் போட்டார்கள். "மதினி, வெட்டு எப்ப வரும்?" என்று முனீஸ்வரி கேட்டாள். "எந்தம்பி வந்தா வரும்" என்றேன். "வரலைன்னா?" என்றாள். வராவிட்டால் ஜாஸ்மினுக்கு இல்லை என்று எழுதிவிட்டு ஷெட்டைப் பூட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வேறு மாஸ்டர் வைக்க மாட்டேன். திருப்பூர் போவதானால் போ. போகிற வழியில் நீயே அந்த மேசையைக் கொண்டுவந்து, உன் கையால் இறக்கிப் போட்டுவிட்டு, இவர்களிடமும் சொல்லிவிட்டுப் போ. அதுவரை மெஷின் ஓடாது.

அக்கா